தீ பிடிக்கவில்லையா? முதலில் விறகைப் பாருங்கள்: ராமநாதபுரம் கடற்கரைக்கான பிழை நீக்கும் வழிமுறை

உச்சிப்புளி, பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நம் கரையோரத் தோப்புகளில் இரவு தங்க வருகிறவர்கள் தீ மூட்டும்போது கூப்பிட்டுக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பற்றவில்லை, புகைகிறது, வெடிக்கிறது, அணைத்தும் அணையவில்லை. இதில் முக்கால்வாசி தீப்பெட்டி எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயம். இந்தப் பக்கம் கையில் கிடைக்கும் எரிபொருள் இரண்டே வகை. ஒன்று பன்னாடை (மட்டையின் அடியில் மரத்தைச் சுற்றியிருக்கும் வலை மாதிரியான நார்), ஓலை. நொடியில் பற்றி நிமிடத்தில் சாம்பலாகிவிடும். இன்னொன்று சீமைக்கருவைக் கட்டை, பற்றவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், பற்றிவிட்டால் விடியும் வரை நிற்கும். இரண்டுக்கும் நடுவில் விரல் கனத்தில் ஒரு விறகு வேண்டும். அதைத் தயார் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் நிற்கும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதெல்லாம் உரிமையாளர் சம்மதத்தோடு தனியார் தோப்பில் மூட்டும் தீக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே அனுமதியில்லாமல் இறங்கவே கூடாது. தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் தங்க விடுவதில்லை. ஜனவரி பிறந்துவிட்டால் சில மாதங்களுக்குக் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த நாட்களில் கடலுக்கு நேரே வெளிச்சம் தெரிகிற மாதிரி தீ வேண்டாம். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கும், தீயைக் கண்டால் கடலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் நடந்து வரும்.

பன்னாடை பற்றுகிறது, விறகு பற்றவில்லை

அதிகம் வருவது இதுதான். குப்பென்று ஆளுயரத்துக்கு எரியும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், அடுத்த நிமிடம் பார்த்தால் கருவைக் கட்டையின் பட்டை மட்டும் கருத்துப்போய்க் கிடக்கும்.

முதலில், செலவில்லாத சோதனை. இருப்பதையெல்லாம் கனம் பார்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்: ஈர்க்கு கனம், விரல் கனம், மணிக்கட்டு கனம். விரல் கனக் குவியல் இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்குகிற அளவுக்கு இருக்கிறதா? இல்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது, வேறெதையும் சோதிக்க வேண்டாம், அதைச் சேர்க்கப் போங்கள்.

எங்கே சேர்ப்பது? பனந்தோப்பு என்றால் கீழே விழுந்து காய்ந்த மட்டைகளே போதும். மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி கருக்கு இருக்கும், வெறும் கையால் இழுத்தால் உள்ளங்கை கிழியும். நுனியைத் தரையில் ஊன்றி, அரிவாளை உங்கள் உடம்புக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து இரண்டு ஓரத்தையும் சீவிவிடுங்கள். பிறகு நீளவாக்கில் அரிவாளை வைத்து ஒரு கட்டையால் மேலே தட்டினால் நார் நாராகப் பிரிந்து போகும். நாலாகப் பிளந்தால் விரல் கனம் தானாக வந்துவிடும். மரத்தோடு ஒட்டியிருந்த அடிப்பகுதி மட்டும் தடிமனாக இருக்கும், சீக்கிரத்தில் காயாது, அதை வெட்டி ஒதுக்குங்கள். தென்னந்தோப்பு என்றால் பாளை; காய்ந்த பாளையைக் கையாலேயே கிழிக்கலாம். கொட்டாங்குச்சியும் பனங்கிழங்கு எடுத்தபின் மிஞ்சும் கொட்டையும் கிடைத்தால் விடாதீர்கள், பன்னாடைக்கும் கட்டைக்கும் நடுவில் அவை நன்றாக நின்று எரியும். கருவையில் எடுப்பதென்றால் மரத்திலேயே பட்டுப்போன சுள்ளி. மடக்கிப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் எடுக்கலாம், வளைந்து நார் தெரிந்தால் பச்சை.

குவியல் இருந்தும் பற்றவில்லை என்றால் இரண்டாவது காரணம் பட்டை. உருண்டைக் கட்டையை அப்படியே வைத்தால் தீ நக்கிவிட்டுப் போய்விடும். மணிக்கட்டு கனத்தில் இருப்பதை இரண்டாகப் பிளந்து, பிளந்த பக்கம் தீயைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். விளிம்பில்தான் தீ ஏறும்.

மூன்றாவது பனி. கடற்கரையில் பகலெல்லாம் வெயில் அடித்தாலும் பொழுது சாய்ந்ததும் ஈரக்காற்று வந்துவிடும், மார்கழி, தை மாதங்களில் சொல்லவே வேண்டாம். வெளியே பரப்பிய மெல்லிய சுள்ளியும் ஓலையும் மாலையிலேயே நமுத்துப்போகும். நாலு மணிக்கே கூரைக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.

நான்காவது, கட்டையே பச்சை. இரண்டு துண்டுகளை மோதிப் பாருங்கள். காய்ந்தது டங் என்று கேட்கும், பச்சை தொப் என்று கேட்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தால் ஓரளவு காய்ந்தது. அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால் மீன் எடை போடும் கொக்கித் தராசில் நாலைந்து கட்டையை நிறுத்து, எடையைக் கரியால் அதன் மேலேயே எழுதி, ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுங்கள். எடை இன்னும் குறைந்துகொண்டே போனால் காய்ந்து முடியவில்லை. சித்திரை வெயிலில் விரல் கனம் ஒரு வாரம் பத்து நாளில் தயாராகும், மணிக்கட்டு கனத்துக்கு இரண்டு மாதம் விடுங்கள், தொடை கனக் கட்டையைப் பிளக்காமல் போட்டால் அடுத்த வருஷம்தான்.

இன்றைக்கு ராத்திரிக்கே வேண்டும், இருப்பதெல்லாம் பச்சை என்றால் போராடாதீர்கள். விறகுக்கடைக்குப் போய்ப் போன கோடையில் வெட்டியதைக் கேட்டு வாங்குங்கள். அல்லது கரி வாங்குங்கள். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கமெல்லாம் கருவையை மூட்டம் போட்டுக் கரியாக்குவது பெரிய தொழில். பெட்ரோல் மட்டும் ஊற்றாதீர்கள். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி நிற்கும், குச்சியைக் கிழித்ததும் உங்கள் காலடியிலிருந்து பற்றும்.

பற்றுகிறது, ஆனால் ஒரே புகை

விறகுக்கு இடையில் காற்று போக வழியில்லாமல் அடைத்திருப்பீர்கள். பாதியை வெளியே இழுத்துப்போட்டு, கீழே மணிக்கட்டு கனத்தில் இரண்டை இணையாக வைத்து, அதன் மேல் குறுக்காக மற்றதை அடுக்குங்கள். இரண்டு நிமிடத்தில் புகை குறைந்தால் அவ்வளவுதான்.

குறையவில்லை என்றால் மணலைத் தொட்டுப் பாருங்கள். அலையை ஒட்டிய இடத்தில் ஒரு சாண் தோண்டினாலே ஈரம் ஊறும், அதன் மேல் மூட்டிய தீ மணலைக் காய வைப்பதிலேயே பாதிச் சூட்டை இழக்கும். மேட்டுக்கு மாற்றுங்கள், அல்லது காய்ந்த கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி அதன் மேல் மூட்டுங்கள்.

அதுவும் இல்லையென்றால் சேமித்த விதம். முழுக்கத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டிய விறகு உள்ளேயே வேர்த்துக் கிடக்கும். நாலு கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி விறகு நிற்க வேண்டுமானால் இது ஒன்றுதான் வழி. அப்படி அடுக்கியதிலிருந்து எடுக்கும்போது கையை உள்ளே விடாதீர்கள். ஒரு கம்பால் புரட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். இந்த மாவட்டத்தில் சுருட்டைவிரியன் உண்டு, தேளும் உண்டு, இரண்டுக்கும் விறகடுக்கு பிடித்த இடம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், அசையாமல் வைத்து 108.

கண் எரிச்சல் வழக்கத்துக்கு மேல் இருந்தால் என்ன எரிகிறது என்று பாருங்கள். வேலியோரம் பொறுக்கிய சுள்ளியில் திருகுகள்ளி, எருக்கு, அரளி கலந்திருக்கும். அரளிப் புகை விஷம், அதன் குச்சியில் எதையும் குத்திச் சுடவும் கூடாது. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேரே கண் மருத்துவரிடம் போங்கள். வலி குறைந்துவிட்டது என்று தள்ளிப்போடாதீர்கள்.

காய்ந்த கட்டைதான், ஆனாலும் சீறுகிறது, நிறம் மாறி எரிகிறது

கடல் ஒதுக்கிய மரம். பார்க்க வெளுத்து, எடை குறைந்து, அருமையாகக் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஊறியிருக்கும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் ராத்திரிக்கு நமுத்துவிடும். ஒரு ஓரத்தை நாக்கில் தொட்டால் உப்புத் தெரியும். சந்தேகத்துக்கு அதைவிட நல்ல சோதனை இல்லை, பெயிண்ட் வாடை அடிக்காத மரமாக மட்டும் இருக்கட்டும்.

உப்பு ஊறிய மரத்தை எரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உப்பில் இருக்கும் குளோரின் புகையோடு சேர்ந்து கெட்ட நச்சுகளை உண்டாக்கும். மீன் சுடவோ சட்டி வைக்கவோ கண்டிப்பாக வேண்டாம். அழகுக்கு உட்காரும் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த படகுப் பலகை அதைவிட மோசம். அடிப்பகுதியில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் பெயிண்ட், ஃபைபர் பூச்சு, ஆணி, கயிறு, எல்லாம் இருக்கும். தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில் கட்டையும் இதே கணக்குதான். இவற்றைத் தீயில் போடுவதற்குப் பதில் உள்ளூர் படகு ஆசாரியிடம் கொடுத்தால் ஏதாவது வேலைக்கு ஆகும்.

காரங்காடு மாதிரி இடங்களில் சதுப்பில் நிற்கும் அலையாத்தி காய்ந்து கிடந்தாலும் தொடாதீர்கள். அது வனத்துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, அந்தக் காய்ந்த கிளையும் மீன்குஞ்சுக்கு வீடு.

வெடிக்கிறது, பொறி பறக்கிறது

மூங்கில் போட்டீர்களா? கணுவுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும். ஒவ்வொரு கணுவையும் பிளந்துவிட்டுப் போடுங்கள், சத்தம் நின்றுவிடும்.

ஓலையை அள்ளி அள்ளிப் போட்டாலும் எரியும் துணுக்குகள் மேலே பறக்கும். பற்ற வைக்க மட்டும் ஓலை, அதன்பின் கிட்டக்கூடக் கொண்டுவராதீர்கள்.

சத்தம் கட்டையிலிருந்து வராமல் சுற்றிவைத்த கல்லிலிருந்து வந்தால் எல்லோரையும் உடனே பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் பொறுக்கிய கல்லுக்குள் ஈரம் இருக்கும், சூடேறினால் சில்லு தெறிக்கும். பவளக்கல்லோ இன்னும் ஆபத்து. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது, எடுப்பதே குற்றம். அதோடு, அது நன்றாக வெந்தால் சுட்ட சுண்ணாம்பாகும், அணைக்கத் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துச் சிதறும். கல்லே வேண்டாம், ஒரு சாண் ஆழக் குழி போதும்.

கோடாரி இறங்கவில்லை, அல்லது கட்டையில் மாட்டிக்கொள்கிறது

காய்ந்த கருவையோடு மல்லுக்கட்டுகிறீர்கள். இந்த மரத்தைப் பச்சையிலேயே துண்டு போட்டுப் பிளந்துவிட்டு அப்புறம்தான் காய வைக்க வேண்டும். காய்ந்தபின் பிளக்கலாம் என்று வைத்தால் கை விட்டுப்போகும்.

ஏற்கனவே காய்ந்துவிட்டது என்றால் வெட்டுமுகத்தின் வெடிப்பைப் பாருங்கள். கோடாரியை நடுவில் போடாமல் வெடிப்பு ஓடுகிற கோட்டில், ஓரத்திலிருந்து சிம்பு சிம்பாக எடுத்துக்கொண்டே வாருங்கள். கணு இருக்கும் பக்கம் கீழே இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் பிடியை ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள், பிடி ஒடியும். பக்கத்தில் இரும்பு ஆப்பு அடித்து வெடிப்பை விரித்தால் தானாக வரும்.

அதன்பின் கூர்மை. நகத்தின் மேல் வாய்ப்பகுதியை மெல்ல வைத்துப் பாருங்கள், வழுக்கினால் மழுங்கல். அரம் போட்டுச் சாணைக்கல்லில் தேய்த்தால் போதும். கடல் காற்றில் ஒரு வாரத்தில் துருவேறும், வேலை முடிந்ததும் எண்ணெய் தடவி வையுங்கள்.

தலை ஆடினால் அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது ஒரு நாளைக்குத் தாங்கும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும், ஓங்கும்போது கழன்று யார் மேலாவது போய் விழும். கொல்லுப்பட்டறையில் புதுப்பிடி போட்டு ஆப்பு இறுக்கி வாங்கி வாருங்கள். இடுப்பளவு கனமுள்ள தூர்க்கட்டை என்றால் மெஷின் ரம்பம் வைத்திருக்கிற ஆளைக் கூப்பிடுங்கள், கூலி கொடுத்தாலும் லாபம்தான்.

கருவை யாருடையதும் இல்லை என்று நினைத்து வெட்டப் போகாதீர்கள். கண்மாய்க் கருவையை யாராவது ஏலம் எடுத்திருப்பார்கள். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. விழுந்த மட்டையே தாராளமாகக் கிடைக்கும்போது மரத்தைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை.

முள் ஏறிவிட்டது

கருவை முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். கவைக்கம்பால் கிளையை அழுத்திப் பிடித்து, முள்ளையெல்லாம் சீவிவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும். சீவிய முள்ளை மணலில் விடாமல் கூட்டி முதல் தீயிலேயே போட்டுவிடுங்கள், மறுநாள் காலையில் குழந்தைகள் அங்கேதான் ஓடும்.

ஏறிய முள் முழுசாக வந்துவிட்டதா என்று பாருங்கள். வெளியே எடுத்த முள்ளில் நுனி இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். நுனி ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால் ஊசியால் குடைய வேண்டாம். மூட்டுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தால், இரண்டாம் நாளும் வீக்கம் இருந்தால், அல்லது டிடி ஊசி போட்டு எத்தனை வருஷம் என்று ஞாபகமில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

விறகு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

எல்லாமே மெல்லிய விறகாக இருக்கும். அல்லது தென்னை மட்டையை மட்டும் நம்பியிருப்பீர்கள். சவுக்கும் கருவையும் கட்டையாக நாலைந்து இருந்தால் நாலு பேர் சுற்றி உட்கார இரவுக்குப் போதும். கங்கு சேர்ந்தபின் தீயைப் பெரிதாக்காமல் இரண்டு கட்டையின் முனையை மட்டும் சேர்த்து வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுங்கள்.

காற்று தீயைத் தூக்கிக்கொண்டு போகிறது

ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலையே கிளப்பி முகத்தில் அடிக்கும்போது தீ மூட்டலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான். மற்ற மாதங்களில் கைப்பிடி மணலை இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். நேராக விழுந்தால் சரி. ஓரடிக்கு மேல் தள்ளி விழுந்தால் குழியை ஆழமாக்கி, தோண்டிய மணலைக் காற்று வரும் பக்கம் கரையாகக் குவியுங்கள். அப்போதும் ஜுவாலை படுத்துக்கொண்டு எரிந்தால் அணைத்துவிடுங்கள்.

காற்று போகும் திசையில் பனை இருக்கிறதா என்று கட்டாயம் அண்ணாந்து பாருங்கள். காவோலை கழிக்காத பனையில் காய்ந்த ஓலை கழுத்திலிருந்து பாதி மரம் வரை தொங்கும். ஒரு பொறி போதும், உச்சி வரை ஏறிவிடும், எரிகிற ஓலை ஒவ்வொன்றாகக் கழன்று அடுத்த மரத்துக்கும் வலை வைத்திருக்கும் கொட்டகைக்கும் போகும். அந்த உயரத்துக்கு உங்கள் வாளித் தண்ணீர் எட்டாது. ஆட்களை விலக்கிவிட்டு 101 அல்லது 112.

அணைத்தாயிற்று, ஆனாலும் மணல் சுடுகிறது

மணலைப் போட்டு மூடியிருப்பீர்கள். நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனால் இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். கருவைக் கங்கு மணலுக்கு அடியில் மறுநாள் காலை வரை கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் சாதாரண மணல். கரைவலை இழுக்க வருகிறவர் வெறுங்காலோடுதான் வருவார்.

மூடியதைக் கிளறித் திறங்கள். கட்டைகளைப் பிரித்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கம்பால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். கடல் தண்ணீரே போதும், ஆனால் தென்னை வேருக்குப் பக்கத்தில் என்றால் நல்ல தண்ணீர். கிட்டே நின்று ஊற்றாதீர்கள், முதல் வாளிக்கு ஆவி முகத்தில் அடிக்கும். சீறல் நின்றபின் புறங்கையைச் சாம்பலுக்கு மேல் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி. தெரியாவிட்டால் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், அங்கேயும் குளிர்ந்திருந்தால்தான் முடிந்தது. அதுவரை ஒருவர் அங்கேயே நிற்கட்டும்.

யாராவது மிதித்துவிட்டால் சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, நெய் எதுவும் தடவ வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். உள்ளங்கால் முழுக்க வெந்திருந்தால், தோல் வெளுத்தோ கருத்தோ வலியே தெரியாமல் இருந்தால், அல்லது சுட்டுக்கொண்டது குழந்தை என்றால், தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108க்கு அழைக்கட்டும்.